எதைப் பார்த்தாலும் 'எனக்கான சிக்னல்' போல தோன்றுவது ஏன்? மனச்சிதைவு நோயில் இதை அளப்பது எப்படி?

தெருவில் நிற்கும் ஒரு சிவப்பு கார். டிவியில் செய்தி வாசிப்பவரின் ஒரு பார்வை. பலரும் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்கள். ஆனால் ஸ்கிசோஃப்ரீனியா எனப்படும் மனச்சிதைவு நோய் உள்ள சிலருக்கு, 'இது எனக்குத்தான் ஏதோ சொல்லுது' என்று தோன்றும்.

ஏன் இப்படி?

எதைக் கவனிக்கணும், எதை விட்டுடணும் என்று மூளை எப்போதும் தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறது. இதில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு முக்கியப் பங்கு உண்டு. அது தேவையில்லாத நேரத்தில் சுரந்தால், சாதாரண விஷயமும் பெரிதாகத் தெரியும். 'ஏன் இப்படித் தெரியுது?' என்று மனம் தேடிக்கொள்ளும் பதில்தான் பிரமையாக மாறுகிறது. மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003-ல் முன்வைத்த விளக்கம் இது.

எப்படி அளக்கிறார்கள்?

ஒரு வழி, கேள்வித்தாள். 2010-ல் வெளியான இதில் 29 கேள்விகள். 'ஆம்' அல்லது 'இல்லை', அவ்வளவுதான் பதில்.

இன்னொரு வழி, கம்ப்யூட்டர் சோதனை. லண்டன் ஆய்வாளர் ஜொனாதன் ராய்சர் குழு 2009-ல் இதன் முடிவுகளை வெளியிட்டது. திரையில் ஒரு படம் வரும். அடுத்து கறுப்புச் சதுரம் வந்ததும் சட்டென்று பட்டனை அழுத்தினால் பணம் கிடைக்கலாம். உதாரணமாக, படம் நீல நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் பணம் உண்டு. சிவப்பு என்றால் அரிது. படத்தில் இருப்பது விலங்கா, வீட்டுப் பொருளா என்பதற்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியும் விலங்கைப் பார்த்தால் மட்டும் ஒருவர் வேகமாக அழுத்தினால், தேவையில்லாததற்கு அவர் முக்கியத்துவம் தருகிறார் என்று பொருள்.

என்ன தெரிந்தது?

பயனுள்ள குறிப்பை நோயாளிகள் மற்றவர்களை விடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். பயனில்லாத குறிப்புக்கு முக்கியத்துவம் தருவதில், ஒட்டுமொத்தமாக இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோயாளிகளிலேயே பிரமை இருந்தவர்களிடம் அது அதிகமாக இருந்தது.

இதை வைத்து நோயை உறுதி செய்யலாமா?

முடியாது. இவை ஆய்வுக்கான கருவிகள். மதிப்பெண் கூடினாலே நோய் என்று அர்த்தமில்லை. நோயை உறுதி செய்ய வேண்டியது மனநல மருத்துவர்தான்.

குடும்பத்தினர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

இது பிடிவாதம் அல்ல. 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல' என்று வாதாடுவதால் பிரமை போய்விடாது. மருந்து டோபமைனின் வேகத்தைக் குறைக்கும்போது முதலில் அந்த 'முக்கியம்' என்ற உணர்வு மங்கும் என்பது கபூரின் விளக்கம். நம்பிக்கை விலக நாளாகும். அதுவரை மருந்தை நிறுத்தாமல் இருப்பது அவசியம்.