சேற்றின் மேல் இரவல் விதிகள்

கட்டுமானப் பொறியியல் படிக்க வரும் மாணவர் கட்டமைப்பு வடிவமைப்புப் பாடத்தில் முதலில் வரைவது ஒரு கிடைக்கோடு. அதன் ஒரு முனைக்குக் கீழே சிறு முக்கோணம், மறுமுனைக்குக் கீழே சிறு வட்டம். கோடுதான் விட்டம்; முக்கோணமும் வட்டமும் அதன் தாங்கிகள். தாங்கிகள் இறங்காது, சாயாது என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே தொடங்குகிறது. கருங்கல் பாறை மேல் கட்டும் ஊரில் இதைப் பற்றி யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையில் கதை வேறு. பொந்தியானிலிருந்து பத்து பகாட் வழியாக மூவார் வரை, பல மீட்டர் ஆழத்துக்கு இளகிய கடற்களிமண் கிடக்கிறது. சில இடங்களில் அதற்கும் மேலே மக்கிய தாவரங்களாலான கரிமண். அங்கே அந்தச் சிறு முக்கோணம் ஒரு பெரிய அனுமானம். ஜொகூரில் இந்தப் பாடம் வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: தரைக்கு மேலுள்ள பாதியை அது வெளியூர்களின் விபத்துகளிலிருந்து கற்றது, தரைக்குக் கீழுள்ள பாதியைத் தன் சேற்றிலிருந்தே கற்றது. முதல் பாதி பாடமாகவும் தேர்வாகவும் சட்டமாகவும் உறைந்துவிட்டது. இரண்டாவது பாதி இன்னும் விருந்தாளியாகத்தான் வகுப்புக்குள் வந்துபோகிறது.

இரவல் அறிவு இந்த மண்ணில் படும் பாட்டை 19ஆம் நூற்றாண்டே காட்டிவிட்டது. 1869இல் மகாராஜா அபூபக்கர் ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் நோக்கி ஒரு ரயில் பாதை போடத் தொடங்கினார். இரும்பு விலை அதிகம், காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே தண்டவாளமே மரம். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லாத யோசனை. ஈரமும் கரையானும் அதைத் தின்று தீர்த்தன. பின்னர் வந்த பெரிய கட்டமைப்பான, ஜொகூரைச் சிங்கப்பூரோடு இணைக்கும் ஜொகூர் காஸ்வேயில் இந்தத் தவறு நிகழவில்லை. ஆனால் ஜொகூர்க்காரர் யாரும் அதிலிருந்து கணக்குக் கற்றுக்கொள்ளவும் இல்லை. வடிவமைத்தவர்கள் லண்டனின் கூட், ஃபிட்ஸ்மாரிஸ், வில்சன் அண்ட் மிட்செல் நிறுவனத்தார். கட்டியவர்கள் டாப்ஹாம், ஜோன்ஸ் அண்ட் ரெயில்டன். 1919இல் வேலை தொடங்கி, 1923இல் சரக்கு ரயில் ஓடி, 1924 ஜூனில் முறைப்படி திறக்கப்பட்டது. கல் புலாவ் உபினிலிருந்தும் புக்கித் தீமாவிலிருந்தும் வந்தது, கணக்கு கப்பலில் வந்தது. அந்தக் காலத்து மலாயாவில் சாலை, ரயில், பொதுப்பணி வேலைகளில் மண் சுமந்தவர்களில் தமிழ்நாட்டுக் கூலிகளும் அலுவலகத்தில் வரைபடம் பார்த்தவர்களில் யாழ்ப்பாணத்தாரும் கணிசமாக இருந்தார்கள். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். அதைத் தீர்மானித்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். அந்தப் பிரிவினைதான் பிறகு பாடத்திட்டத்துக்குள்ளும் குடியேறியது என்று நினைக்கிறேன்.

பாடத்திட்டத்தின் வேர் ஜொகூரில் இல்லை, கோலாலம்பூரில் இருக்கிறது. 1904இல் அங்கே தொடங்கிய தொழில்நுட்ப வகுப்பு விரைவிலேயே டிரெச்சர் தொழில்நுட்பப் பள்ளி ஆனது. ரயில்வேக்கும் பொதுப்பணித் துறைக்கும் நில அளவைத் துறைக்கும் வேண்டிய உதவியாளர்களைத் தயாரிப்பதே அதன் வேலை. 1946இல் அது தொழில்நுட்பக் கல்லூரி. 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம். 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1980களின் நடுவில் அதன் தலைமையகம் ஜொகூரின் ஸ்கூடாய்க்கு நகர்ந்தது. உதவியாளர்களை உருவாக்கப் பிறந்த நிறுவனம் பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு பொறியாளர்களை உருவாக்கும் இடமாகி, ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட வளாகத்தில் வந்து அமர்ந்தபோது, அதோடு கூடவே வந்து சேர்ந்தது ஒரு புதிய புத்தகம்: 1985இல் பிரிட்டன் வெளியிட்ட பி.எஸ். 8110 என்ற கான்கிரீட் விதித்தொகுப்பு.

அடுத்த கால் நூற்றாண்டுக்கு ஸ்கூடாயில் கான்கிரீட் வடிவமைப்பு என்றால் அந்தப் புத்தகம்தான். நிலைச்சுமையை 1.4ஆல் பெருக்கு, பயன்பாட்டுச் சுமையை 1.6ஆல் பெருக்கு, கனசதுர வலிமையை எடுத்துக்கொள், கம்பியின் பரப்பைக் கண்டுபிடி. விரிவுரை மலாயில் நடக்கும். கையில் இருப்பது பெரும்பாலும் மோஸ்லியும் பஞ்சியும் எழுதிய ஆங்கில நூல். இந்த எண்கள் இயற்கையின் எண்கள் அல்ல என்பதை மாணவர்கள் உணர்வது எளிதல்ல. 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில் ஒரு சமையலறையில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை வெளியே விழ, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டாகச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஒரு பகுதி போனால் மற்றவை தொடர்ந்து விழக் கூடாது, தளங்களையும் சுவர்களையும் கம்பிகளால் கட்டிப்பிணைக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் பிரிட்டிஷ் தொகுப்புகளுக்குள் வந்தது. 8110இல் அது ஒரு பிரிவாகவே இருந்தது. ஜொகூரில் கட்டும் கட்டடத்தின் எடையில் 1.5 விழுக்காட்டைக் கற்பனையான கிடைச்சுமையாக எடுத்துக்கொள் என்று ஒரு மாணவி எழுதியபோது, கட்டடத்தின் உறுதி பற்றிப் பிரிட்டன் பட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தைத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். எந்த விதித்தொகுப்பும் ஒரு சமூகம் பட்ட அடிகளின் பட்டியல். பட்டியலைக் கடன் வாங்கலாம். அதற்குப் பின்னாலுள்ள அடிகள் தானாகக் கூட வருவதில்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. இயற்பியலுக்கு ஊர் உண்டா? சீரான சுமை தாங்கும் எளிய விட்டத்தின் நடுவில் வளைவு லண்டனிலும் ஸ்கூடாயிலும் ஒரே சூத்திரப்படிதான். சிறிய நாடு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தொகுப்பு எழுதுவது வீண்செலவு. பொருளும் பொறியாளரும் எல்லை தாண்டும் உலகில் பொது மொழி ஒன்று வேண்டாமா? வேண்டும். இந்தியாவை எதிர்மாதிரியாகக் காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டியின் மரபு இருந்தும், 1953இல் இந்தியா வெளியிட்ட ஐ.எஸ். 456, பெயரில் இந்தியன் என்றாலும் சாரத்தில் நெடுங்காலம் பிரிட்டிஷ் வழியையே பின்பற்றியது. ஆனால் 1962இல் வந்த நில அதிர்வுத் தொகுப்பான ஐ.எஸ். 1893இன் கதை வேறு. அதற்குப் பின்னால் 1934 பீகார், 1935 குவெட்டா, 1950 அசாம் என்று சொந்த மண்ணின் இழப்புகள் இருந்தன. ரூர்க்கியில் அதற்கென்றே ஒரு கல்விப் பிரிவும் உருவானது. ஆக, கேள்வி யாருடைய முத்திரை அட்டையில் இருக்கிறது என்பதல்ல. சூத்திரம் எல்லோருக்கும் பொது. அதற்குள் போடும் எண் எங்கே பிறந்தது என்பதுதான் கேள்வி. சுமை, பாதுகாப்புக் காரணி, காற்று, அதிர்வு, மண் எல்லாமே ஊர் சார்ந்த தீர்ப்புகள்.

ஜொகூருக்கும் அப்படிச் சொந்தமாக ஒரு பாடம் கிடைத்தது; அதுவும் உலகத்தரமான பாடம். 1980களின் பிற்பகுதியில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை மூவார்ச் சமவெளியைக் கடக்க வேண்டியிருந்தது. களிமண் மேல் சாலைக்கரை போட்டால் எவ்வளவு இறங்கும், எந்த முறை அதைத் தாங்கவைக்கும் என்று பார்ப்பதற்காக மலேசிய நெடுஞ்சாலை வாரியம் அங்கே பல சோதனைக் கரைகளைக் கட்டியது. அவற்றில் ஒன்று மட்டும் விழுவதற்காகவே கட்டப்பட்டது. மேற்பரப்பில் இரண்டு மீட்டர் அளவுக்கு வெயிலில் காய்ந்து இறுகிய ஒரு மேலோடு, அதற்குக் கீழே இளகிய களி. நடுவில் அழுத்தமானிகளும் சாய்வுமானிகளும் புதைக்கப்பட்டன. மண்ணைக் கொட்டிக்கொண்டே போனார்கள். 1989 நவம்பரில் கோலாலம்பூரில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு கூடியது. கரை எந்த உயரத்தில் உடையும், எவ்வளவு இறங்கும் என்று பெயர்பெற்ற மண்ணியல் அறிஞர்கள் சிலர் முன்கூட்டியே கணித்துத் தந்திருந்தார்கள். கரை ஏறத்தாழ 5.4 மீட்டரில் உடைந்தது. கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே ஆய்வுத் தரவு, ஒரே துறை, தேர்ந்த தலைகள். விடைகள் மட்டும் வேறுவேறு. பாங்காக்கின் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய இலங்கைத் தமிழரான பேராசிரியர் ஏ. எஸ். பாலசுப்ரமணியம், இந்திரரத்னா, பாலசந்திரன் ஆகியோர் இணைந்து இந்தக் கரை பற்றி எழுதிய கட்டுரை 1992இல் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் இதழில் வந்தது. அன்று முதல் உலகெங்கும் மென்களி பற்றிய புதிய கணிப்பு முறையைச் சரிபார்க்க விரும்புபவர்கள் மூவார்க் கரையை எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். ஜொகூர் இங்கே கடன் வாங்கவில்லை, கடன் கொடுத்தது.

ஆனால் அந்த அறிவு வந்து சேர்ந்த அலமாரி வேறு. மூவார்க் கரை மண் இயக்கவியலின் சொத்தாயிற்று. கட்டமைப்பு வடிவமைப்பு தன் முக்கோணத்தோடு தன் வழியே போனது. இந்தப் பிரிவு எவ்வளவு ஆபத்தானது என்பதை 1993 டிசம்பர் 11 காட்டியது. சிலாங்கூரின் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸின் 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து விழுந்து 48 பேர் மாண்டார்கள். தொடர்மழைக்குப் பின் பின்புறச் சரிவு சரிந்தது. நகர்ந்த மண் அடித்தளத்தைத் தள்ளியது. தண்டவாள இரும்பால் ஆன அதன் பைல்கள், அதாவது மண்ணுக்குள் இறக்கிய அடித்தூண்கள், மேலிருந்து வரும் எடைக்காக இறக்கப்பட்டவை, பக்கவாட்டுத் தள்ளலுக்கு அல்ல. மேலே தூணும் விட்டமும் எவ்வளவு சரியாக இருந்தாலும், கீழே தாங்கி அசையாது என்ற ஒற்றை அனுமானம் பொய்த்தால் எல்லாம் போயிற்று.

காஸ்வேயைத் தாண்டிச் சிங்கப்பூரில் நடந்ததை இதற்கு எதிராக ஒருவர் எடுத்துக்காட்டலாம். 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் இறந்தார்கள். மண்மேல் பழி போட அங்கே வழியில்லை. கட்டடத்தின் சொந்த எடையே வடிவமைப்பில் சரியாகச் சேர்க்கப்படவில்லை என்பதுதான் விசாரணையின் முடிவு. முதல் ஆண்டு மாணவர் செய்யக் கூடாத பிழை. அப்படியென்றால் அடிப்படைக் கணக்கைத் திருத்தமாகச் சொல்லிக்கொடுப்பதுதானே முக்கியம், வரலாறும் உள்ளூர் மண்ணும் எதற்கு? நியூ வோர்ல்ட் சொன்ன பாடத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் சிங்கப்பூர் அதற்குக் கொடுத்த விடையைக் கவனிக்க வேண்டும். 1989இன் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் சூத்திரத்தை மாற்றவில்லை. வடிவமைத்தவரின் கணக்கைத் தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்றது. அதாவது அவர்கள் தங்கள் அடியிலிருந்து தங்கள் விதியை எழுதினார்கள். கணக்கு தெரிவதும், அந்தக் கணக்கு எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்று தெரிவதும் எதிரெதிரானவை அல்ல.

இன்னொரு மறுப்பு பேராசிரியர்களிடமிருந்து வரும்: நான்கு ஆண்டுப் படிப்பில் எல்லாவற்றையும் கலந்தால் எதுவும் தேறாது, துறைகள் பிரிந்ததே ஆழத்துக்காகத்தான். ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே தாளாக்கச் சொல்லவில்லை. மலேசியப் பொறியியல் பட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் குழு, இறுதிக்கட்டத்தில் ஒருங்கிணைந்த வடிவமைப்புத் திட்டம் ஒன்றை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கிறது. இடம் அங்கே காத்திருக்கிறது. பத்து பகாட் அருகே பாரிட் ராஜாவில் 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களின் பயிற்சி மையமாகத் தொடங்கி 2007இல் பல்கலைக்கழகமான துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் இதில் வாய்ப்புள்ள இடத்தில் நிற்கிறது. அதன் வளாகமே மென்களி மேல் இருக்கிறது; மென்மண்ணுக்கென்றே ஓர் ஆய்வு மையமும் உண்டு. வகுப்பறைக்கு வெளியே நடைபாதை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, உள்ளே தாங்கி அசையாது என்று எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். மென்பொருளில் தாங்கியை வில்லாக மாற்ற ஒரு சொடுக்கு போதும். அந்த வில்லின் விறைப்புக்கு என்ன எண் போடுவது என்பதை மென்பொருள் சொல்லாது. மூவாரில் கொட்டிய மண் சொல்லும்.

2010இல் புத்தகம் மீண்டும் மாறியது. பிரிட்டனே 8110ஐ விலக்கிக்கொண்டு ஐரோப்பியப் பொது விதித்தொகுப்பான யூரோகோடுக்குப் போனது. மலேசியாவும் தன் முத்திரையோடு அதை ஏற்றது. 1.4 போய் 1.35 வந்தது, 1.6 போய் 1.5 வந்தது, கனசதுரத்தின் இடத்தில் உருளை. அந்தத் தொகுதியில் பனிச்சுமைக்கென்றே ஒரு பாகம் உண்டு. ஜொகூர் மாணவர்கள் அதைத் திறக்காமலே பட்டம் வாங்கிவிடலாம். காற்றுக்கோ பெரும்பாலும் ஆஸ்திரேலிய வழியைத் தழுவிய எம்.எஸ். 1553 என்ற மலேசியத் தரநிலை. ஒரே கட்டடத்தில் கான்கிரீட் ஐரோப்பாவைக் கேட்கிறது, காற்று ஆஸ்திரேலியாவை. ஆனால் யூரோகோடு முந்தைய புத்தகம் தராத ஒன்றைத் தந்தது: ஒவ்வொரு நாடும் தன் எண்களை எழுதிக்கொள்ள ஒரு தேசிய இணைப்பு. தடிமனில் சிறியது, பாடத்தில் அவசரமாகக் கடக்கப்படுவது, என் கணக்கில் முழுத் தொகுதியிலும் மலேசிய மாணவர் அதிக நேரம் செலவிட வேண்டிய பக்கங்கள் அவை. நில அதிர்வுக்கான இணைப்பு 2017இல் வந்தது. அதற்கு முன் 2004 சுமத்ரா அதிர்வும், 2007 முதல் பகாங்கின் புக்கித் திங்கியில் ஏற்பட்ட சிறு அதிர்வுகளும், 18 உயிர்களைப் பறித்த 2015 ரானாவ் அதிர்வும் நிகழ்ந்திருந்தன. தீபகற்பத்துக்கு என்ன எண் எழுதுவது என்பது உள்ளூர் அனுபவம் குறைவாக இருந்ததால் வாதத்துக்குரிய விஷயமாகவே இருந்தது; ஜொகூருக்கு வரும் அதிர்வு சுமத்ராவிலிருந்து வரும் என்பதே பழக்கமான எண்ணம். 2025 ஆகஸ்ட் 24 அதிகாலை, 4.1 அளவிலான அதிர்வு ஒன்று ஜொகூரின் சிகாமட்டையே மையமாகக் கொண்டு நிகழ்ந்தது. பெரிய சேதம் இல்லை, ஆனால் பதிவு இருக்கிறது. இணைப்பின் அடுத்த திருத்தத்தில் அந்தப் பதிவைச் சேர்த்துக்கொண்டு ஜொகூரின் எண்ணை யாராவது எழுதியாக வேண்டும். அதை எழுதக்கூடியவர்கள் இன்று ஸ்கூடாயிலும் பாரிட் ராஜாவிலும் விட்டத்துக்குக் கீழே முக்கோணம் வரைந்துகொண்டிருக்கும் வயதில் இருக்கிறார்கள். இணைப்பிலுள்ள எண்ணை எடுத்துப் போடுவதற்கு மட்டும் அவர்களைப் பழக்கினால், அந்த வேலைக்கு மறுபடியும் லண்டனிலிருந்து ஆள் தேட வேண்டியிருக்கும்.