புளியரைச் சாவடியும் திரும்பி வரும் காலி வண்டியும்

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போகிற வழியில் இருக்கிறது புளியரை சோதனைச் சாவடி. கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் கால்நடை பராமரிப்புத் துறைக்காரர்கள் இங்கே மருந்துத் தெளிப்பானோடு வந்து நிற்பார்கள். 'பறவை மேல பறந்து வருது, இவங்க கீழ டயருக்கு மருந்தடிக்காங்க' என்று கிண்டல் பண்ணத் தோணும். அதில் பாதி நியாயம் இருக்கு. மீதிப் பாதிக்கு இந்த நோயோட கதையைப் பார்க்கணும்.

1878-ல் இத்தாலியில் பெரோன்சிட்டோ என்பவர் கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற ஒரு கொள்ளைநோயை விவரித்து எழுதினார். அது இன்ஃப்ளூயன்சா வைரஸ்தான் என்று தெரிய 1955 ஆகிவிட்டது. இன்று நாம் பயப்படுகிற எச்5என்1 வகையின் மூதாதை, 1996-ல் சீனாவின் குவாங்டாங்கில் ஒரு வாத்தினப் பறவையில் கிடைத்தது. மறுவருஷமே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி, 6 பேர் இறந்தார்கள். அந்த ஊர்க் கோழிகள் மொத்தத்தையும், பத்து லட்சத்துக்கும் மேல், சில நாளில் கொன்று தீர்த்தார்கள்.

இந்தியாவுக்கு வந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூர் பண்ணைகளில். நமக்கு மலைக்கு அந்தப் பக்கம் வந்தது 2014 நவம்பரில். குட்டநாட்டு வாத்துகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பிறகு 2016, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்தது.

ஏன் குட்டநாடு? அறுவடை முடிந்த வயலில் வாத்துகளை மேய்ப்பார்கள். வலசை வரும் நீர்ப்பறவைகளும் அதே தண்ணீரில்தான் இறங்கும். எச்சத்தில் இருக்கும் கிருமி, குளிர்ந்த ஈரத்தில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். முதல் பொறியைப் போடுவது பெரும்பாலும் காட்டுப் பறவை. அதற்கு எந்தச் சாவடியும் கிடையாது. ஆனால் ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் மனுஷன்தான்: செருப்பு, முட்டை அட்டை, கோழிக்கூண்டு, எருவண்டி, அப்புறம் சீக்கு வந்ததும் அவசரமாக விற்கப்படும் கோழி.

இப்போ புளியரைக்கு வருவோம். கோழியும் முட்டையும் பெரும்பாலும் இங்கிருந்து அங்கேதான் போகின்றன. அதனால் 'கேரளாவிலிருந்து கோழி வரக்கூடாது' என்ற தடை மட்டும் போதாது. ஆபத்து, இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வண்டியில். அதன் கூண்டில் ஒட்டிக் காய்ந்த எச்சத்தில். அந்த டயர் மருந்துக்கு அர்த்தம் இதுதான். இன்னொன்று, நோய் அடிக்கடி தலைகாட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை ஐயப்ப சீசன். குற்றாலத்தில் குளித்துவிட்டு மலையேறும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, கோழிவண்டியை மட்டும் பிரித்து நிறுத்தணும்.

என்னைக் கேட்டால், சாவடியைவிடப் பெரிய காவல் பண்ணைக்காரர் வாயில்தான் இருக்கு. நம்ம ஊரில் கோழி செத்தால் 'வெள்ளைக்கழிச்சல்' என்று சொல்லிவிடுவோம். அது வேற வைரஸ். அதற்குத் தடுப்பூசி உண்டு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, மாதிரி போபால் ஆய்வகத்துக்குப் போகணும். பறவைக் காய்ச்சல்தான் என்று உறுதியானால், நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பார்கள். பத்து கிலோமீட்டர் கண்காணிப்பு. கேரளா 2021-ல் கொடுத்த நிவாரணம், இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், குஞ்சுக்கு 100. தினம் முட்டை போட்டுக் குடும்பத்தை நடத்திய வாத்துக்கு 200 ரூபாய் என்றால், இரண்டு செத்ததும் போன் பண்ணிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? பக்கத்து வீட்டுக் கோழியும் சேர்ந்து போகும் என்று தெரிந்த பிறகு?