தலைவர் வருசா வருசம் மாறினார், ஆனால் முடிவு யாருடையது?

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பற்றி எங்கட ஆக்கள் கதைக்கேக்க ரெண்டே ரெண்டு தீர்ப்புத்தான் வரும். ஒரு பக்கம், இலங்கையிலேயே முதலில் முழுச் சுயராஜ்யம் கேட்ட வீரர்கள். மற்றப் பக்கம், 1931 தேர்தலைப் பகிஷ்கரித்துத் தமிழருக்கு வந்த இடத்தைக் கோட்டைவிட்ட விபரமில்லாத பெடியள். இந்த ரெண்டுக்கும் நடுவில எனக்கு வேறொரு கேள்வி இருக்கு. ஜனநாயகம் வேணும் எண்டு சொல்லுற ஒரு அமைப்பில், முடிவெடுக்கிறது யார்? அந்த முடிவுக்கு அவர்கள் யாரிடம் பதில் சொல்ல வேணும்?

முதலில் கதைச் சுருக்கம். 1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தொடங்கிய இயக்கம் இது. பிறகுதான் வாலிபர் காங்கிரஸ் ஆனது. இதன் மையத்தில் இருந்தவர் மானிப்பாயைச் சேர்ந்த ஹன்டி பேரின்பநாயகம், யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். சாதி ஒழிப்பு, பாடசாலைகளில் சம ஆசனம், தாய்மொழிக் கல்வி, இன ஒற்றுமை, பிறகு முழுச் சுதந்திரம் என்று இவர்களின் கோரிக்கைகள் அந்தக் காலத்துக்கு மிகவும் முன்னே நின்றவை. 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்ததும் இவர்களின் அழைப்பில்தான்.

இவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. வருடாந்த மாநாட்டுக்கு ஒவ்வொரு முறையும் வேறொருவர் தலைவர். கொழும்பு ஆனந்தா கல்லூரி அதிபர் பி. டி எஸ். குலரத்ன என்ற சிங்களவரையும் தலைவராக்கினார்கள். நிறுவியவரே கதிரையைப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. ஒப்பிட்டுப் பாருங்கோ. பிற நாடுகளில் ஜனநாயகத்தை வளர்க்கவென்று 1983இல் அமெரிக்காவில் 'ஜனநாயகத்துக்கான தேசிய நிதியம்' என்ற அமைப்பு உருவானது. அதற்கென்று பணிப்பாளர் சபையும் தவிசாளரும் உண்டு. ஆனால் அதன் நிறைவேற்றுத் தலைவராக 1984 தொடக்கம் 2021 வரை இருந்தவர் கார்ல் கேர்ஷ்மன் என்ற ஒரே ஆள். அந்த வகையில் எங்கட வாலிபர் காங்கிரஸ் எவ்வளவோ மேல்.

ஆனால் தலைவர் மாறுவது மட்டும் போதுமா? 1931 என்ன சொல்லுது எண்டு பார்ப்பம்.

டொனமூர் அரசியல் யாப்பு சர்வஜன வாக்குரிமையைத் தந்தது. அதற்கு முதல் சொத்து, வருமானம், படிப்பு உள்ள ஆண்களுக்குத்தான் வாக்கு. சனத்தொகையில் அது ஏறத்தாழ 4 வீதம். இப்போது 21 வயது வந்த பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கும் முதன்முறையாக வாக்கு. அதேநேரம் நிதி, நீதி, பாதுகாப்பு, வெளிவிவகாரம் எல்லாம் ஆளுநரின் கீழிருந்த அரச அதிகாரிகள் மூவரின் கையில். ஆளுநருக்கு விசேட அதிகாரங்களும் இருந்தன. இது சுயராஜ்யம் இல்லை என்று வாலிபர் காங்கிரஸ் சொன்னதில் பிழையே இல்லை.

1931 ஏப்ரலில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்க இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்தார். 1926இல் சென்னைச் சட்டசபைத் தேர்தலில் நின்று, சொற்ப வாக்குகளில் தோற்ற பெண் அவர். அந்த மாநாட்டைத் தொடர்ந்து பகிஷ்கரிப்பு சூடுபிடித்தது. மே 4, வேட்புமனு நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை. தெற்கும் பின்னால் வரும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. குடாநாட்டின் நான்கு கதிரைகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேணும். வேட்பாளர்கள் நின்று, மக்கள் வாக்குச்சாவடிக்குப் போகாமல் விட்டிருந்தால் அது மக்களின் பகிஷ்கரிப்பு. ஒருவருமே மனுக் கொடுக்காவிட்டால் வாக்கெடுப்பே இல்லை. வாக்காளரிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை. போட்டியிடக்கூடிய சில பெரிய மனிதரும், மாநாட்டு மண்டபத்தில் இருந்த படித்த இளைஞரும் சேர்ந்து, லட்சக்கணக்கான ஆக்களுக்காக முடிவெடுத்தார்கள். அவர்களில் ஒரு முறைகூட வாக்குப் போட்டிராத பெண்களும், எந்தச் சாதிகளுக்காகக் காங்கிரஸ் சம ஆசனம் கேட்டதோ அந்த மக்களும் இருந்தார்கள். தெற்கில் அதே மக்கள் 1931 ஜூனில் வாக்களித்தபோது, இங்கே இருந்தவர்கள் மேலும் மூன்று வருசம் காத்திருந்தார்கள்.

சுயநலத்துக்காக இவர்கள் இதைச் செய்யவில்லை. கதிரை தேடியிருந்தால் 1931இலேயே சுலபமாக எடுத்திருக்கலாம். நேர்மையான ஆக்கள்தான். ஆனால் நேர்மை வேறு, பொறுப்புக்கூறல் வேறு. 1934 இடைத்தேர்தலில் அந்த இடங்களுக்கு ஜி. ஜி. பொன்னம்பலம், அருணாசலம் மகாதேவா போன்றவர்கள் வந்தார்கள். வாலிபர் காங்கிரஸின் செல்வாக்கு மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஹன்டி பேரின்பநாயகம் 1947இல் வட்டுக்கோட்டையில் போட்டியிட்டபோது மக்கள் அவரைத் தெரிவு செய்யவில்லை.

இது பழங்கதை இல்லை. எங்கட இளைஞர் கழகம், மாணவர் ஒன்றியம், ஊரில் பயிற்சிப்பட்டறை நடத்துற அரசசார்பற்ற நிறுவனம் எல்லாவற்றிலும் நாங்கள் முதலில் பார்ப்பது தலைவர் யார், செயலாளர் யார் எண்டுதான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நிர்வாக சபை மாறினால் ஜனநாயகம் எண்டு திருப்திப்படுறம். ஆனால் அந்தச் சபை எடுக்கிற முடிவு ஆரைத் தாக்குமோ, அவர்களுக்கு "வேண்டாம்" எண்டு சொல்ல ஒரு வழி இருக்கா? அடுத்த பொதுக்கூட்டத்தில் புதுத் தலைவரைத் தெரிவு செய்யிறதுக்கு முதல், இந்தக் கேள்வியை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.