பெயரையும் சேர்த்து அச்சிடு: சி மொழியில் ஒரு சின்னக் குறி வந்த கதை

கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கேக்க, சீனியர் அண்ணா ஒருவர் தந்த பழைய சி புத்தகமொன்றின் போட்டோக்கொப்பி என்னட்ட இருந்தது. அதில் ஒரு மக்ரோ. மாறியைக் கொடுத்தால் அதன் பெயரையும் பெறுமதியையும் சேர்த்தே அச்சிடும் என்று போட்டிருந்தது. எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டினேன். திரையில் என்ர மாறியின் பெயர் வரவில்லை. மக்ரோவை எழுதியவர் பராமீட்டருக்கு வைத்த பெயர்தான் அப்படியே வந்து நின்றது.

இரண்டு இரவு அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் தேடினேன். கடைசியில் ‘எனக்கு உது சரிவராது’ என்று புத்தகத்தை மூடி வைத்தேன். புத்தகத்திலும் பிழையில்லை, நான் தட்டியதிலும் பிழையில்லை, இடையில் மொழிதான் மாறிவிட்டது என்று விளங்கக் கொஞ்ச வருடங்கள் எடுத்தது.

முதலில் ஒரு கேள்வி. பெயரை அச்சிட ஏன் மக்ரோ வேணும்? ஒரு ஃபங்ஷன் எழுதினால் போதாதா? போதாது. சி மொழியில் மாறியின் பெயர் எங்களுக்காக மட்டும்தான். கொம்பைலர் தன் வேலையை முடித்ததும், ஓடுகிற புரோகிராமுக்குத் தெரிவது நினைவகத்தில் ஓர் இடமும் அதில் கிடக்கும் பெறுமதியும்தான். பிரிண்ட்எஃப்புக்குப் போய்ச் சேர்வது 42 என்ற எண். அது ‘வயது’ என்ற மாறியிலிருந்து வந்ததா ‘விலை’யிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. பெயரைப் பிடிக்க வேண்டுமென்றால், அது அழிவதற்கு முன், கொம்பைலருக்கும் முன் நின்று எழுத்தாகவே வாசிக்கிற ஒருவரிடம்தான் கேட்கவேணும். அவர்தான் முன்செயலி.

இந்த முன்செயலி சி பிறந்தபோதே கூடப் பிறந்ததல்ல. பெல் ஆய்வுகூடத்தில் சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சி, அதன் வளர்ச்சி பற்றி 1993இல் எழுதிய கட்டுரையில் இதைச் சொல்கிறார். 1972, 73 அளவில், அலன் ஸ்னைடர் வற்புறுத்தியதாலும், பிசிபிஎல், பிஎல்/ஒன் மொழிகளில் வேறு கோப்புகளை உள்ளே இழுக்கும் வசதி பயன்பட்டதைக் கண்டதாலும் முன்செயலி சேர்க்கப்பட்டது. முதலில் அதற்கு இரண்டே வேலை: கோப்பைச் சேர்ப்பது, ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவது. பராமீட்டர் வாங்கும் மக்ரோக்களைப் பிறகு மைக் லெஸ்க்கும், அவருக்குப் பின் ஜோன் ரைசரும் கொண்டுவந்தார்கள்.

ரிச்சி இன்னொன்றும் சொல்கிறார். தொடக்கத்தில் முன்செயலியை மொழியின் பகுதியாகவே எண்ணவில்லை, வேணுமென்றால் வைத்துக்கொள்ளும் ஒரு துணைக்கருவி, அவ்வளவுதான். அதனால் பழைய கையேடுகளில் அதன் விதிகள் திட்டமாக எழுதப்படவில்லை. என்ர இரண்டு இரவும் போன இடம் இதுதான்.

விதி தெளிவில்லாத இடத்தில் பழக்கம் விதியாகும். மக்ரோவுக்குள் இரட்டை மேற்கோளில் ஒரு சரம் இருந்து, அந்தச் சரத்துக்குள் பராமீட்டரின் பெயர் வந்தால் அதையும் மாற்றுவதா, விடுவதா? சில முன்செயலிகள் மாற்றின. புரோகிராமர்களுக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. சரத்துக்குள் பராமீட்டர் பெயரையும் சமன்குறியையும் எழுதிவிட்டால், கொடுக்கிற மாறியின் பெயர் தானாக வந்து உட்காரும். 1982இல் அலன் ஃபொயர் எழுதிய ‘த சி பசில் புக்’கில் விடைகளை அச்சிடும் மக்ரோக்கள் இப்படித்தான் இருந்தன. ஆனால் இதில் ஆபத்தும் இருந்தது. மேற்கோளுக்குள் இருப்பதைத் தொடமாட்டார்கள் என்று நம்பி எழுதிய சொல்லும், பராமீட்டரின் பெயராக அமைந்துவிட்டால் மாறிப்போகும்.

1983இல் அமெரிக்காவின் ஆன்சி நிறுவனம் சி மொழிக்கு நியமம் எழுத ஒரு குழுவை அமைத்தது. சரத்துக்குள் கை வைப்பதைக் குழு ஏற்கவில்லை. ஆனால் அந்த வசதியைப் பலர் நம்பியிருந்ததால் சும்மா பறிக்கவும் இல்லை. பதிலுக்குப் புதிய வழி ஒன்றைக் கொடுத்தது. மக்ரோவுக்குள் பராமீட்டருக்கு முன் # குறியைப் போட்டால், கொடுத்தது எதுவோ அது எழுத்துச் சரமாக மாறும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சரங்களைக் கொம்பைலர் ஒன்றாக ஒட்டிவிடும். இரண்டும் சேர்ந்தால் பெயர், சமன்குறி, பெறுமதி மூன்றும் ஒரே வரியில். 1988இல் வந்த கேர்னிகன், ரிச்சி புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் இதற்கு ‘டிபிரிண்ட்’ என்ற மக்ரோவே உதாரணமாக இருக்கிறது. 1989இல் நியமம் வெளியானது. அதோடு பழைய மக்ரோக்கள் சத்தமில்லாமல் பொய்த்துப்போயின. பலவற்றைக் கொம்பைலர் பிழையென்றும் சொல்லாது. பிழையான விடையை மட்டும் அச்சிடும்.

ஆசை மட்டும் மாறவில்லை. 2019 ஜனவரியில் ரஸ்ட் மொழி ‘டிபிஜி’ என்ற மக்ரோவைத் தந்தது. அதே வருடம் ஒக்டோபரில் வந்த பைதன் 3.8இல், எஃப்-சரத்துக்குள் மாறிக்குப் பின் சமன்குறி ஒன்றைப் போட்டாலே பெயரும் பெறுமதியும் வரும். பிழை தேடும்போது ‘எந்த எண் எதனுடையது’ என்று குழம்பாத புரோகிராமர் எந்த மொழியிலும் இல்லை.

போன மாதம் அந்தப் போட்டோக்கொப்பியைத் தேடி எடுத்தேன். ஜிசிசியின் முன்செயலிக்கு நியமத்துக்கு முந்திய பழைய முறையில் ஓடும் தெரிவு ஒன்று இன்றும் உண்டு. அதில் அந்த மக்ரோவைப் போட்டுப் பார்த்தேன். என்ர மாறியின் பெயர் மேற்கோளுக்குள் வந்து நின்றது.

பழைய புத்தகங்களில் படிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லவேணும். புரோகிராம் ஓடாவிட்டால் உங்கட மூளையைச் சந்தேகிக்க முதல், புத்தகம் எந்த வருடம் வந்தது என்று பாருங்கோ. 1989க்கு முந்தியது என்றால், பிழை உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.