பாரியை யாரும் கொல்லவில்லை

இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்தில் சில பெரிய நாய்களைப் பற்றிப் பார்ப்போம். நாய் வளர்ப்பவர்கள் மட்டுமல்ல, நாய் என்றால் ஒதுங்கிப் போகிறவர்களும் படிக்கலாம்.

பாரிஸ் நகரை ஒட்டி, சேன் ஆற்றங்கரையில் அஸ்னியேர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1899-இல் தொடங்கப்பட்ட நாய்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அதில் முதுகில் ஒரு குழந்தையைச் சுமந்து நிற்கும் பெரிய நாயின் சிலை புகழ்பெற்றது. நாயின் பெயர் பாரி. (முல்லைக்குத் தேர் கொடுத்த நம் பாரி வேறு, இந்தப் பாரி சுவிட்சர்லாந்துக்காரன்.) இந்த நாய் நாற்பது பேரின் உயிரைக் காத்தது என்றும், நாற்பத்தொன்றாவது ஆளின் கையால் இறந்தது என்றும் அங்கே பொறித்திருக்கிறார்கள். பனியில் புதைந்து கிடந்த ஒரு படைவீரன், தன்னை மீட்க வந்த நாயை ஓநாய் என்று நினைத்துக் குத்திவிட்டான் என்பது கதை.

கேட்டால் மனம் கலங்கும். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை.

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே, ஆல்ப்ஸ் மலையில் கிரேட் செயின்ட் பெர்னார்டு என்ற கணவாய் இருக்கிறது. உயரம் 2,469 மீட்டர், ஊட்டி தொட்டபெட்டாவுக்கு அருகான உயரம். ஆனால் அங்கே குளிர்காலம் முழுவதும் பனி மூடிக் கிடக்கும். சுமார் 1050-ஆம் ஆண்டிலிருந்து வழிப்போக்கர்களுக்காகத் துறவிகள் அங்கே ஒரு சத்திரம் நடத்தி வந்தார்கள். காவலுக்கென்று 17-ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய நாய்கள் வந்தன. பனிமூட்டத்தில் வழி கண்டுபிடிக்கவும், பனிக்கு அடியில் புதைந்தவர்களை மோப்பம் பிடிக்கவும் அவற்றுக்கு இருந்த திறமையைத் துறவிகள் போகப்போகப் புரிந்துகொண்டார்கள். நாம் செயின்ட் பெர்னார்டு என்று அழைக்கும் இனம் அந்தச் சத்திரத்து நாய்களின் வழி வந்ததுதான்.

பாரி 1800-இல் பிறந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். வயதாகி ஓடியாட முடியாமல் போனபோது, 1812-இல் சத்திரத்தின் தலைவர் அதைக் கீழே பெர்ன் நகருக்கு அனுப்பிவைத்தார். வேலை ஏதும் இல்லை. இரண்டு ஆண்டுகள் அங்கே ஓய்வாக இருந்துவிட்டு 1814-இல் இறந்தது. இன்றும் பெர்ன் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதன் பாடம் செய்யப்பட்ட உடலைப் பார்க்கலாம்.

அதிலும் ஒரு செய்தி இருக்கிறது. உண்மையான பாரி இன்றைய செயின்ட் பெர்னார்டு அளவு பெரியதல்ல, எடை 40 முதல் 45 கிலோதான் இருந்திருக்கும் என்கிறார்கள். 1923-இல் அதன் உடலைப் புதுப்பித்தபோது, இன்றைய இனத்தின் தோற்றம் வருமாறு தலையை மாற்றி அமைத்தார்கள். கழுத்தில் ஒரு சின்ன பிராந்திப் பீப்பாயும் ஏறியது. அந்தப் பீப்பாயே லண்டன் ஓவியர் லேண்ட்சீர் 1820 வாக்கில் வரைந்த படத்தால் பரவிய வழக்கம். பிற்காலத்தில் அருங்காட்சியகத்தார் அதைக் கழற்றிவிட்டார்கள்.

ஏன் இப்படி? நாம் நேசித்த ஒன்று முதுமையில் அமைதியாக இறந்தது என்றால், அது கதைக்குப் போதவில்லை என்று நினைத்துவிடுகிறோம். எனக்கோ நேர்மாறாகத் தோன்றுகிறது. நாற்பது உயிரைக் காத்த நாய்க்குக் கடைசி இரண்டு ஆண்டு சும்மா இருக்க ஓர் இடம் கொடுத்தார்களே, அந்த உண்மைதான் கதையைவிடப் பெரியது.

கட்டுக்கதையே தேவைப்படாத பெரிய நாய்களும் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் கேண்டர் என்ற ஊரில் ஒரு நாய் வீட்டுச் செல்லமாக வளர்ந்தது. இனமும் நியூஃபவுண்ட்லாந்துதான். தெருப் பிள்ளைகளோடு விளையாடும்போது ஒரு குழந்தையின் முகத்தில் அதன் நகம் கீறிவிட்டது. பயந்துபோன வீட்டார் அதை அருகில் முகாமிட்டிருந்த ராணுவப் படையிடம் கொடுத்துவிட்டார்கள். படையினர் அதற்கு ஊரின் பெயரையே வைத்து, ஹாங்காங் போர்முனைக்கும் கூட்டிப்போனார்கள். 1941 டிசம்பரில், காயம்பட்ட வீரர்கள் கிடந்த இடத்தருகே ஒரு கையெறி குண்டு வந்து விழுந்தது. கேண்டர் அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. குண்டு வெடித்து நாய் இறந்தது, வீரர்கள் பிழைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அதற்கு டிக்கின் பதக்கம் வழங்கப்பட்டது. விலங்குகளின் விக்டோரியா கிராஸ் என்று சொல்லப்படும் விருது அது. ஒரு வீட்டில் "இனி வேண்டாம்" என்று கைமாற்றிவிட்ட நாய் அது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று பாம்சே. நார்வே நாட்டுச் செயின்ட் பெர்னார்டு. இரண்டாம் உலகப் போரில் நார்வே கடற்படைக் கப்பல் ஒன்றோடு ஸ்காட்லாந்துக்கு வந்து, மாண்ட்ரோஸ், டண்டி ஊர்களில் எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது. கழுத்தில் பஸ் பாஸ் தொங்க, தானே பஸ் ஏறிப்போய்க் கப்பல்காரர்களைத் தேடிக் கூட்டிவருமாம். சண்டை வந்தால் எழுந்து நின்று முன்னங்கால்களை ஆளின் தோளில் வைத்துச் சமாதானம் செய்யுமாம். கடலில் விழுந்த ஒரு மாலுமியையும் காப்பாற்றியது. 1944 ஜூலையில் அது இறந்தபோது, அந்நிய நாட்டு நாய்க்காக மாண்ட்ரோஸ் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். 2006-இல் அந்த ஊர் மக்கள் அதற்குச் சிலை வைத்தார்கள்.

இது வெளிநாட்டு வழக்கம் என்று நினைக்க வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில், ஒரு நடுகல் நட்டிருக்கிறார்கள். எருமைகளுக்காகப் போரிட்டு இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனின் கல் அது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் எழுத்தும் இருக்கிறது. கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. பெயர், செய்த காரியம், அவ்வளவுதான். 1,400 ஆண்டுகள் நிற்க அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

இனி நம் வளாகத்துக்கு வருவோம். இரண்டு மாதக் குட்டியாக மடியில் அடங்கும் கிரேட் டேனும் செயின்ட் பெர்னார்டும் ஒன்றரை வயதில் வீட்டு ஆட்களின் எடைக்கு வந்துவிடும். தீனிச் செலவு, மருத்துவச் செலவு, வீடு மாற்றம், வெயில் என்று காரணம் சொல்லித் தெருவில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி விடப்பட்டவற்றை எடுத்து வளர்க்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ராட்சத இனங்களுக்கு ஆயுள் குறைவு, எட்டு முதல் பத்து ஆண்டுகள்தான். ஐந்து வயதில் ஒன்றை எடுத்தால், சேர்ந்து இருக்கப்போவது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அதிலும் பாதி நாள் இடுப்பு வலியும் மருந்துமாகப் போகும். அது தெரிந்தேதான் எடுக்கிறார்கள். பாரிக்கு பெர்ன் நகரில் கிடைத்ததை இவர்கள் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் கொடுக்கிறார்கள்.

அப்படி ஒரு கிழ நாய் மாடிப்படி இறங்க முடியாமல் லிஃப்டில் நின்றால், நாம் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. லிஃப்டில் நாய்க்குத் தடை போடக் கூடாது என்றுதான் இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. நாயை வாரில் பிடித்திருப்பதும், பயப்படுகிறவர் உள்ளே இருந்தால் அவரை முதலில் போகவிடுவதும் வளர்ப்பவரின் பொறுப்பு.

இறந்தவற்றை நினைவுகூர நமக்குச் சிலை வேண்டாம். உங்கள் வீட்டில் இருந்து மறைந்த நாயைப் பற்றிப் பத்து வரி எழுதி அனுப்புங்கள். பெயர் என்ன, எங்கிருந்து எடுத்தீர்கள், எத்தனை ஆண்டு இருந்தது, என்ன செய்யும் என்று எழுதுங்கள். வீரச் செயல் ஏதும் இல்லையென்றால் இல்லை. பால்கனியில் படுத்துத் தூங்கியது என்றால் அதையே எழுதுங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் அதற்காக ஒதுக்கியிருக்கிறோம்.