பசலியும் பருவமும்

நம்மவர் இல்லங்களிற் பழைய கிஸ்தி இரசீது ஒன்றேனும் இல்லாத இல்லம் அரிது. அதன் தலைப்பிற் 'பசலி' என்றொரு சொல்லும், அதன் பக்கலில் ஓர் எண்ணும் காணப்படும். அவ்வெண் கிறித்துவ ஆண்டுமன்று, சாலிவாகன சகாப்தமுமன்று, இக்காலத்து ஹிஜ்ரியுமன்று. இஃது எவ்வாண்டென என் மாணாக்கன் ஒருவன் வகுப்பில் வினவினான். இருபது ஆண்டு ஆசிரியத் தொழில் புரிந்தும் விடை கூற இயலாது நின்றேன். பின்னர் தேடியறிந்தவற்றை நம் சங்கத்தார்க்கு உரைக்கலானேன்.

பசலி என்பது அறுவடையையும் விளைபருவத்தையும் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. ஹிஜ்ரி ஆண்டு திங்களின் ஓட்டத்தைப் பற்றியது. ஏறத்தாழ 354 நாட்களே கொண்டது. ஆகவே ஞாயிற்றாண்டினின்றும் ஆண்டுதோறும் பதினொரு நாள் முந்திவிடும். இவ்வாண்டு கதிர் அறுத்தபின் வரும் வரித்தவணை, ஒன்பது ஆண்டு கழியின் கதிர் பால்பிடிக்கும் முன்னரே வாயிலில் வந்து நிற்கும். அரசன் நாட்காட்டி முந்தினும் கேழ்வரகு முந்தாதன்றோ? குடியானவன் கடன்பட்டே இறுக்கல் வேண்டும். இவ்விடரை நோக்கியே அக்பர் வடநாட்டிற் பசலியாண்டை ஏற்படுத்தினர். தக்கணத்தில் ஷாஜஹான் 1636-இல், அப்பொழுது நடந்த ஹிஜ்ரி 1046-ஐயே முதலெண்ணாகக் கொண்டு, அதுமுதல் ஞாயிற்றாண்டாக எண்ணும்படி செய்தனர். அதனால் ஜூலை முதல் டிசம்பர் வரையுள்ள நாட்களிற் கிறித்துவ ஆண்டினின்றும் 590-ஐக் கழிக்கப் பசலி கிடைக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434. ஆங்கில அரசினர் இதனை விலக்காது கைக்கொண்டு, 1855 முதல் ஜூலை 1-ஆம் நாளைத் தொடக்கமாக்கினர்.

இங்கு தமிழ் மாணாக்கர்க்கு ஒன்று சுட்டுவேன். தொல்காப்பியனார் ஐந்திணைக்குப் பொழுது வகுக்குமிடத்து முல்லையை முன்வைத்துக் காரை அதற்கு உரியதாக்கினர். நச்சினார்க்கினியர் ஆண்டின் தொடக்கத்தை ஆவணியிற் கொள்வர். டில்லி வேந்தரின் கணக்கும் நம் பழம்புலவரின் கணக்கும் ஒரு திங்கள் அளவிற்கு அண்மையில் வந்து கூடுவது வியப்பே. இரண்டும் மழையைப் பார்த்து எழுந்தவை என்பதன்றி வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

1792-இற் சீரங்கப்பட்டண உடன்படிக்கையாற் பாராமகால் கும்பினியார் கைப்பட்டது. ஓசூர்ப் பகுதி 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் சேர்ந்தது. ரீட் துரையும், அவர்க்கு உதவியாளராகிய மன்றோ, மக்லியாட், கிரகாம் என்போரும் வயல்வயலாக அளந்து தீர்வை விதித்தனர். இரயத்துவாரி முறை உருப்பெற்ற இடங்களில் நம் நாடு தலையாயது. அளவை நன்று. ஆயினும் தீர்வை பணமாக நிலைப்பட்டமையின், மழை பொய்த்த ஆண்டில் 'வஜா' ஒன்றே புகலாயிற்று. அதுவும் ஏரிப்பாய்ச்சல் உள்ள நன்செய்க்கு எளிதிற் கிட்டியது. வானத்தையே நோக்கும் புன்செய்க்கு, நாடு முழுதும் கெட்டாலன்றிக் கிட்டுவது அரிது. நம்மவர் நிலம் பெரும்பாலும் புன்செய்.

1876-இல் இரு பருவமழையும் பொய்த்தன. அதனைத் தொடர்ந்த பஞ்சம் 1878 வரை நின்றது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய அந்நாளைச் சேலம் ஜில்லாவில், 1871-இன் குடிக்கணக்கையும் 1881-இன் கணக்கையும் ஒப்பிடுவார்க்கு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மக்களைக் காணவில்லை.

எஞ்சியோரைக் காத்ததிற் கேழ்வரகிற்குப் பெரும்பங்குண்டு. நன்கு உலர்த்தி நிலக்குழியில் இட்டு மூடின் பல்லாண்டு கெடாதது அது. ஆடியில் விதைத்த கேழ்வரகின் சால்களுக்கிடையே அவரையும் ஆமணக்கும் இடுவர் நம் முன்னோர். கேழ்வரகு கார்மழையில் வளர்ந்து கார்த்திகையளவில் அறுவடையாகும். அவரையோ பனியை விரும்புவது. மார்கழிப் பனியிற் பூத்துக் காய்த்துத் தையிலும் கறிக்கு உதவும். ஒரு மழை தவறின் மற்றொரு பயிர் நிற்கும். எழுத்தறியாதார் வகுத்த இம்முறையைக் காட்டிலும் நுண்ணிய பஞ்சாங்கம் ஒன்றை நான் கற்றதில்லை.

களம் ஒழிந்த வேனிலிற் கலை பிறக்கும். திரௌபதி அம்மன் கோயில்களிற் பதினெட்டு நாட் பாரதம் நிகழ்வது இக்காலத்திலேதான். பிற்பகலிற் சொற்பொழிவு, இரவிற் கூத்து, இறுதியில் துரியோதனன் படுகளம். நடுவதற்கும் அறுப்பதற்கும் இல்லாத நாட்களன்றோ விடிய விடிய விழித்திருக்கத் தக்கவை? கூத்தருட் பலரும் உழுதொழிலரே.

1971-இற் சிப்காட் நிறுவப்பட்டபின் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் ஆலைகள் எழலாயின. 1984-இல் தோன்றிய டைட்டன் நிறுவனம் இங்கே கடிகாரம் செய்யத் தொடங்கியது. கார், கூதிர் என எண்ணிய ஊரில் மணித்துளி எண்ணும் கருவி செய்யப்பட்டது என்று நான் வகுப்பில் நகையாடுவதுண்டு. மாணாக்கர் நகைப்பதில்லை, அவர்தம் தந்தையர்க்கு அதுவே சோறு. ஆலையைப் பழிப்பது என் கருத்தன்று. பஞ்சத்திற்கு அஞ்சாத முதல் தலைமுறை இதுவே. எனினும் இரவு ஷிப்டு முடித்து வருபவன் படுகளத்தன்று கண்விழிப்பது எங்ஙனம்? இங்குப் பசுங்குடில்களில் விளையும் ரோஜாவும் பிப்ரவரி 14-ஆம் நாளுக்கு மலரும்படி முன்பனிக்காலத்திலேயே கவாத்துச் செய்யப்படுகின்றது. பூவும் தவணைக்கு உட்பட்டது. அஃதும் ஓசூரின் மெல்லிய குளிர்ச்சியை நம்பியே நடக்கிறது என்பதைத் தோட்டக்காரர் மறவார்.

இவ்வாராய்ச்சியின்பொருட்டு எம் பாட்டனாரின் மரப்பெட்டியைத் திறந்தேன். தமையனார் எங்கள் இரண்டேக்கர் புன்செய்யை மனைப்பிரிவிற்கு விற்றுவிடலாம் என்று கூறி ஓராண்டாயிற்று. என் கையெழுத்திற்காகக் காத்திருக்கின்றார். பெட்டியில் 1285-ஆம் பசலி இரசீது உளது. 1288 உளது. இடையில் 1286, 1287 இரண்டும் இல்லை. அவை 1876 ஜூலை முதல் 1878 ஜூன் வரையுள்ளவை. வஜா கிடைத்ததோ, செலுத்த வகையின்றி ஊரைவிட்டு அகன்றனரோ, அறிய வழியில்லை. ஆயினும் 1288-இல் அதே நிலத்திற்கு, அதே பெயரில், மீண்டும் கிஸ்தி செலுத்தப்பட்டிருக்கின்றது. தமையனாரிடம் இரு இரசீதுகளையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தவர், ஜமாபந்தி முடியட்டும், பேசுவோம் என்றார்.

நம் சங்கத்தார் இல்லங்களில் அவ்விரு பசலிகளுக்குரிய இரசீது எவரிடமேனும் இருப்பின் சங்கக் காரியாலயத்திற் காட்ட வேண்டுகிறேன். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவேன்.