பஸ்ராவில் மறைந்தோரின் பெயர்களைத் தேடி

நம் ஜமாஅத்தின் பழைய குடும்பங்கள் சிலவற்றில், "பாட்டனாரின் தமையன் பட்டாளத்தில் பஸ்ராவுக்குப் போனார்; திரும்பவில்லை" என்ற ஒரு வரியே எஞ்சியுள்ளது. எந்தப் படை, எந்த ஆண்டு என்று கேட்டால் விடையில்லை. அவ்வரியைப் பற்றிக்கொண்டு தேடியதில் நாம் அறிந்தவற்றை இங்கே பதிகிறோம்.

முதல் உலகப் போரில் இராக்கில் துருக்கியரை எதிர்த்த பிரிட்டிஷ் இந்தியப் படையில் மதராஸ் சாப்பர்களும் கர்நாடிக் காலாட்படையினரும் இருந்தனர். மதராஸ் மாகாணத்து முஸ்லிம்களும் தமிழர்களும் அவற்றில் பணியாற்றினர். கலீஃபாவின் படைக்கு எதிரே நிற்க நேர்ந்த முஸ்லிம் சிப்பாய்களின் மனம் பட்ட பாடு தனியே எழுதத்தக்கது.

அங்கு மாண்டு, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக 1929-இல் பஸ்ரா நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயரும் மாண்டோர் எண்ணிக்கையுமே கிடைத்தன! உயிர் ஒன்றாக இருக்க, பெயர் மட்டும் எவ்வாறு வேறாயிற்று? இத்தகைய பாகுபாடுகளைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

கல்லில் இல்லாத பெயர்கள் பல, அவ்வாணையத்தின் இணையப் பட்டியலில் உள்ளன. கட்டணமின்றித் தேடலாம். முதல் உலகப் போரைப் பொறுத்தவரை, 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தோர் மட்டுமே அதில் அடங்குவர். உயிரோடு திரும்பியோரை அங்கே தேடிப் பயனில்லை. பெயரை ஒரே எழுத்துக்கோவையில் தேடி ஓய்ந்துவிடலாகாது. முஹம்மது என்பதையே அக்கால எழுத்தர்கள் பலவிதமாக எழுதினர். ஊர் தஞ்சாவூரானால் 'டாஞ்சூர்' என்றும், திருநெல்வேலியானால் 'டின்னவெல்லி' என்றும் பார்க்க வேண்டும். இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய இராணுவ ஆவணங்கள் உண்டெனினும், அவை பெரிதும் அதிகாரிகளைப் பற்றியவை. சிப்பாய்களின் தனிப் பதிவுகள் அரிது.

ஆகவே வீட்டிலுள்ள பதக்கமே முதற்சான்று. அப்போருக்காக அளிக்கப்பட்ட வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணும் பிரிவும் தெரிந்தால்தான் எந்த அலுவலகத்துக்கும் பயனுள்ள விண்ணப்பம் எழுத இயலும். வெள்ளிக்காக அதைத் தட்டாரிடம் கொடுத்து உருக்கிவிட்டதாக ஒரு வீட்டார் கூறியபோது நாம் வாயடைத்துப் போனோம். வறுமையில் செய்தது, குறைகூற ஒன்றுமில்லை.

பதக்கமோ பழைய பென்ஷன் தாளோ வைத்திருப்போர் அதைத் துலக்காமல், உள்ளபடியே ஜமாஅத் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால், விளிம்பெழுத்துகளைப் படித்து விண்ணப்பம் எழுதித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.